காத்திருக்கத் தெரிந்த கலைஞன்: ஜார்ஜ் பெஞ்சமினின் இசைவாழ்வு



மேலைச் செவ்வியல் இசை என்றதும் பாக், மொஸார்ட், பீத்தோவன் ஆகிய பெயர்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. எல்லாரும் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் அந்த மரபே அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. இன்றும் இசைத்தாளில் ஒவ்வொரு சுரமாக எழுதி, நூறு பேர் கொண்ட இசைக்குழுவின் கையில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் ஒத்திகைக்குக் காத்திருக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெஞ்சமின்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இருபது வயதில் நாடறிந்த பெயரானவர் அவர். அந்தப் புகழை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு நான்கு படைப்புகள் எழுதித் தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சில நிமிட இசைக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். தம்முடைய மிகப் பெரிய வெற்றியை ஐம்பதைத் தாண்டிய பிறகே அடைந்தார். விரைவு ஒன்றையே திறமைக்கு அடையாளமாகக் கொள்ளும் இந்தக் காலத்தில் இந்த வாழ்க்கையை நிதானமாகப் பார்ப்பது நமக்கு நல்லது என்று நம்புகிறேன்.

பெஞ்சமின் 1960 ஜனவரி 31 அன்று லண்டனில் பிறந்தார். சிறுவயதில் அவருக்குப் பிடித்தது பாப் இசைதான். வால்ட் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’ படத்தைப் பார்த்த பிறகு அவர் கவனம் முழுக்கச் செவ்வியல் இசைப் பக்கம் திரும்பியது. ஸ்ட்ராவின்ஸ்கி, பீத்தோவன் போன்றவர்களின் இசைக்கு ஓவியங்களை அசையவைத்த படம் அது. இசை என்பது கதை சொல்லும், காட்சி காட்டும் என்ற எண்ணம் அன்று விதையாக விழுந்தது. அந்த விதை மரமாக நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

பதின்வயதில் அவருக்குப் பியானோவும் இசையமைப்பும் கற்றுக்கொடுத்தவர் பீட்டர் கெல்ஹார்ன். ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்கு வந்தவர். மாணவனின் ஆற்றலைக் கண்டுகொண்ட கெல்ஹார்ன், ‘இதற்கு மேல் நீ போகவேண்டிய இடம் வேறு’ என்று முடிவு செய்து, பாரிஸில் இருந்த ஓர் ஆசிரியரிடம் அவரை அனுப்பினார். அந்த ஆசிரியர் ஒலிவியே மெசியான். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசையமைப்பாளர்களில் ஒருவர்.

மெசியானைப் பற்றி நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுத் தாள மரபின் மீது ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் சாரங்கதேவர் எழுதிய ‘சங்கீத ரத்னாகரம்’ நூற்றிருபது தேசி தாளங்களைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலை மெசியான் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்டெடுத்தார். அவற்றைத் தம் இசையில் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார். ‘துரங்கலீலா’ என்று சமஸ்கிருதப் பெயர் சூட்டிய சிம்பனியும் அவருடையதே. பறவைகளின் குரலை வயல்வெளிகளில் நின்று குறிப்பெடுத்து இசையாக்கியவரும் அவரே. இசைக்கு எல்லைக்கோடு கிடையாது என்று நம்பிய ஆசிரியர்.

பதினாறு வயதில் பெஞ்சமின் அவரிடம் போய்ச் சேர்ந்தார். முதலில் லண்டனிலிருந்து அவ்வப்போது பாரிஸுக்குப் போய்வந்து பாடம் கேட்டார். பிறகு பாரிஸ் கன்சர்வேட்வாரில் முழுநேர மாணவரானார். மெசியானின் துணைவியார் இவோன் லோரியோ அவருக்குப் பியானோ கற்பித்தார். மெசியான் 1978இல் பணி ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி வகுப்புகளில் இருந்தவர் பெஞ்சமின். அந்தப் பையனை மெசியான் மொஸார்ட்டோடு ஒப்பிட்டுப் பேசினார் என்பார்கள். இப்படி ஒரு பாராட்டு பதின்வயதினர் ஒருவரைத் தூக்கியும் விடும், நசுக்கியும் விடும்.

பாரிஸிலிருந்து திரும்பி, கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் இசையமைப்பாளர் அலெக்சாண்டர் கோயரிடம் படித்தார். மெசியான் வண்ணங்களின் உலகைத் திறந்துவிட்டார் என்றால், கோயர் கட்டுமானத்தைக் கற்றுக்கொடுத்தார். அங்கே மாணவராக இருந்தபோது எழுதியதுதான் ‘ரிங்டு பை தி ஃபிளாட் ஹொரைசன்’ என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பு. நியூ மெக்சிகோ பாலைவனத்தின் மேல் மின்னல் வெட்டும் ஒரு புகைப்படமும், டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையின் வரியொன்றும் அதற்குத் தூண்டுதல். மெசியானுக்கே அதைக் காணிக்கையாக்கினார். 1980 மார்ச்சில் மார்க் எல்டர் நடத்த, கேம்பிரிட்ஜில் அரங்கேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனின் புகழ்பெற்ற ப்ராம்ஸ் இசைவிழாவிலும் ஒலித்தது. அதுவரை ப்ராம்ஸில் இசைக்கப்பட்ட வாழும் இசையமைப்பாளர்களிலேயே மிக இளையவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. வயது இருபது. இன்னும் பட்டம் வாங்கவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் ‘எ மைண்ட் ஆஃப் வின்டர்’, ‘அட் ஃபர்ஸ்ட் லைட்’ என்று இரண்டு படைப்புகள் வந்தன. இரண்டாவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஓவியர் டர்னர் தம் இறுதிக் காலத்தில் வரைந்த ‘நோரம் கோட்டை, சூரியோதயம்’ என்ற படம் அதற்கு ஊற்று. அந்த ஓவியத்தில் கோட்டை நீலப் புகைபோலத் தெரிகிறது. நிலம், நீர், வானம் மூன்றும் ஒளியில் கரைந்து, எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி நிற்கின்றன. பெஞ்சமின் எழுப்பிக்கொண்ட கேள்வி இதுதான்: திடமான பொருள் ஒளியில் கரைவதை ஒலியில் எப்படிக் காட்டுவது? பதினான்கே கலைஞர்களை எடுத்துக்கொண்டார். தெளிவான விளிம்புள்ள ஒலிகளைத் தொடக்கத்தில் வைத்து, அவை மெல்ல உருகி ஒன்றோடொன்று கலக்கும்படி எழுதினார். தாளக்கருவிக் கலைஞர் ஓரிடத்தில் செய்தித்தாளைக் கிழிக்க வேண்டும். கண்ணாடித் தம்ளருக்குள் பிங்பாங் பந்தைத் துள்ளவிட வேண்டும். கேட்கும்போது இவை வித்தையாகப் படுவதில்லை. காலை நேரத்தின் பெயரில்லாத சிற்றொலிகளாகவே காதில் விழுகின்றன. ஒலியின் விஷயத்தில் எவ்வளவு கூர்மையான செவி அது என்பதற்கு இந்த ஓர் இடமே போதும்.

இந்த உயரத்தில் நின்றிருந்த இளைஞர்தான் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

அவர் அடுத்துப் போன இடம் மீண்டும் பாரிஸ். இசையமைப்பாளர் பியர் பூலெஸ் உருவாக்கிய ‘இர்காம்’ இசை ஆய்வு நிலையம் பாம்பிடு கலை மையத்தை ஒட்டி, தரைக்குக் கீழே இயங்குகிறது. மேலே சதுக்கத்தில் ஆண்டிஸ் மலைநாட்டுத் தெருக்கலைஞர்கள் மூங்கில் குழல்களை வரிசையாகக் கட்டிய பான்குழலை ஊதிக் காசு சேர்ப்பார்கள். கீழே உலகின் மிக நவீனக் கணினிகள். மேலே கேட்ட அந்தக் குழலோசையைப் பெஞ்சமின் கீழே எடுத்துச்சென்று பதிவு செய்தார், கணினியில் பகுத்தார், விசைப்பலகையில் வாசிக்கக்கூடியதாக்கினார். மனித மூச்சு எட்டாத நீளத்துக்கும் ஆழத்துக்கும் அந்தக் குழல் போனது. மேற்கின் பன்னிரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்சுரங்களையும் அது பேசியது. 1987இல் முடிந்த அந்தப் படைப்பின் பெயர் ‘அந்தாரா’. பான்குழலுக்குப் பழைய பெரு நாட்டார் வழங்கிய பெயர் அது. ஆய்வுக்கூடத்து இசை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இந்தப் படைப்பு உடைக்கிறது. அதில் தெருவின் வெயில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை அவருக்குச் சோதனையான ஆண்டுகள். ‘சடன் டைம்’ என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை 1989இல் தொடங்கினார். முடித்தது 1993இல். நீளம் ஏறத்தாழ கால்மணி நேரம்! அது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஒருநாள் கனவில் இடிமுழக்கம் கேட்டது. அது ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டு, தலைக்குள் சுழன்று சுழன்று ஓடுவதுபோல் இருந்தது. விழித்துக்கொண்டபோது தெரிந்தது, வெளியே உண்மையாகவே இடி இடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது அதன் முதல் நொடியை மட்டுமே. உறக்கத்தில் ஒரு நொடி, ஒரு நிமிடமாக விரிந்திருக்கிறது. அப்படியானால் கேட்பவரின் மனத்தில் காலத்தை இழுக்கவும் சுருக்கவும் இசையால் முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் அத்தனை ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்கலாம். நம் இசையில் ராகம் என்ற பெருஞ்செல்வம் தலைமுறை தலைமுறையாக வந்து நம் கையில் சேர்ந்திருக்கிறது. தோடி என்றால் தோடிதான். அதன் இலக்கணத்தைப் பாடகர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதற்குள் எவ்வளவு ஆழம் போகிறார் என்பதே கேள்வி. மேற்கில் அப்படிப்பட்ட பொது இலக்கணமாக இருந்தது ஹார்மனி. பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் முறையும், ஒரு சேர்க்கையிலிருந்து அடுத்ததற்கு நகரும் ஒழுங்கும் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஒழுங்கு தளர்ந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு இசையமைப்பாளரும் தமக்கான இலக்கணத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பலர் ஹார்மனியையே கைவிட்டார்கள். பெஞ்சமின் கைவிடவில்லை. ஒவ்வொரு சுரச்சேர்க்கையும் காதுக்கு அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும், அதே சமயம் பழையதன் நகலாகவும் இருக்கக்கூடாது என்ற இரட்டைப் பிடிவாதம் அவருக்கு. அந்தப் பிடிவாதத்துக்குக் குறுக்குவழி கிடையாது.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் கற்பித்தார். 2001இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஹென்றி பர்செல் பேராசிரியரானார். அவருக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விஸ்டில். லண்டன் சவுத்பேங்கில் 1993இல் தொடங்கிய மெல்ட்டவுன் விழாவின் முதல் இயக்குநரும் பெஞ்சமின்தான். இசைக்குழுக்களை நடத்துபவராகவும் நல்ல பெயர் பெற்றார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜெரார் கிரிஸே 1998இல் திடீரென மறைந்தார். மரணத்தின் வாசலைப் பற்றிய அவருடைய கடைசிப் படைப்பு அப்போது அரங்கேறியிருக்கவில்லை. சில மாதங்கள் கழித்து லண்டனில் அதை முதன்முதலாக நடத்தி உலகுக்குக் கொடுத்தவர் பெஞ்சமின். பிறர் இசையை இப்படி உள்ளிருந்து அறிந்தவர் என்பதால்தான் கருவிக் கலைஞர்கள் அவரை நம்பினார்கள்.

1997இல் வந்த ‘வியோலா, வியோலா’ இரண்டே வியோலாக்களுக்கு எழுதப்பட்டது. டோக்கியோ ஓபரா சிட்டி அரங்கத் திறப்புக்காக ஜப்பானிய இசையமைப்பாளர் தொரு தாகேமித்சு கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதினார். அது மேடையேறியபோது கேட்டவரே உயிரோடு இல்லை. இரண்டு வில்கருவிகள்தாம் வாசிக்கின்றன. காதுக்கோ ஒரு சிறு இசைக்குழுவே ஒலிப்பதுபோல் இருக்கும். குறைவானதிலிருந்து நிறைவானதைக் கறக்கும் கை அதற்குள் பழகிவிட்டது.

இனி, இந்த வாழ்க்கையின் பெரிய திருப்பத்துக்கு வருகிறேன். இசை நாடகமான ஓபரா எழுத வேண்டும் என்ற ஆசை பெஞ்சமினுக்கு இளமையிலிருந்தே உண்டு. பல எழுத்தாளர்களைச் சந்தித்தார். எதுவும் கூடிவரவில்லை. நடைமுறை உலகத்து மனிதர்கள் மேடையில் ஏன் பாட வேண்டும்? நம் காலத்துப் பார்வையாளர் அதை எப்படி நம்புவார்? இந்தக் கேள்விக்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காமல் எழுதவும் மனம் ஒப்பவில்லை.

கிங்ஸ் கல்லூரியில் அவரோடு பணியாற்றியவர் லாரன்ஸ் டிரைஃபஸ், வியோல் இசைக் கலைஞர். அவர் நாடகாசிரியர் மார்ட்டின் கிரிம்ப்பை அறிமுகம் செய்துவைத்தார். கிரிம்ப்பின் பாத்திரங்கள் தங்களைப் பற்றித் தாங்களே படர்க்கையில் பேசும். ‘அவள் சொல்கிறாள்’, ‘அவன் திரும்புகிறான்’ என்று சொல்லிக்கொண்டே அந்தச் செயலைச் செய்யும். இதுவே பெஞ்சமின் தேடிய விடை. பாத்திரம் ‘நான் ஒரு கதையைச் சொல்கிறேன்’ என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியில் பாடுவது இயல்பாகிவிடுகிறது. மேடை உண்மை வாழ்க்கைபோல் நடிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது.

இருவரும் சேர்ந்து உருவாக்கிய முதல் படைப்பு ‘இன்டு தி லிட்டில் ஹில்’, 2006இல் பாரிஸில் அரங்கேறியது. ஹாமெலின் நகரத்து எலிகளைக் குழலூதி அழைத்துச்சென்றவனின் கதை. தேர்தலில் வெல்ல நினைக்கும் அமைச்சர் எலிகளை ஒழிப்பதாக மக்களுக்கு வாக்குக் கொடுக்கிறார். முகமே இல்லாத ஓர் அந்நியன் இசையால் அதைச் செய்துகாட்டுகிறான். கூலியைக் கொடுக்க அமைச்சர் மறுக்கிறார். அவன் குழந்தைகளை அழைத்துப் போகிறான். இரண்டே பாடகியர், பதினைந்து கருவிகள், நாற்பது நிமிடம். எல்லாப் பாத்திரங்களையும் அந்த இருவரே பாடுகிறார்கள். அப்போது பெஞ்சமினுக்கு நாற்பத்தாறு வயது. முதல் மேடை நாடகத்துக்கு இது தாமதமான வயது என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் தடுமாற்றம் சிறிதும் இல்லாத படைப்பு அது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2012 ஜூலையில், தென் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் விழாவில் ‘ரிட்டன் ஆன் ஸ்கின்’ அரங்கேறியது. அதை எழுதிய இரண்டாண்டுகளுக்கு மேலான காலத்தில் பெஞ்சமின் மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துத் தனிமையில் இருந்தார். புரோவான்ஸ் மண்ணின் பழங்கதையையே கிரிம்ப் எடுத்துக்கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஒரு நிலக்கிழார் தம் பெருமையைப் பேசும் ஓவியப் புத்தகம் ஒன்றைத் தோலேட்டில் எழுத ஓர் இளைஞனை வரவழைக்கிறார். கிழாரின் மனைவிக்கு எழுத்தும் தெரியாது, தன் பெயரைச் சொல்லும் உரிமையும் கிடையாது. வீட்டில் அவள் வெறும் ‘பெண்’. அவள் அந்த இளைஞனைக் காதலிக்கிறாள். ‘என் பெயர் ஆன்யெஸ்’ என்று சொல்லத் துணிகிறாள். கிழார் இளைஞனைக் கொன்று, அவன் இதயத்தைச் சமைத்து, சொல்லாமல் அவளுக்கே பரிமாறுகிறார். உண்மை தெரிந்த பிறகும் அவள் உடையவில்லை. இனி எந்த உணவும் பானமும் அந்தச் சுவையைத் தன் நாவிலிருந்து போக்கிவிட முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மாடத்திலிருந்து குதிக்கிறாள். இதையெல்லாம் நம் நூற்றாண்டு உடையணிந்த தேவதைகள் கண்டுகொண்டே நிற்கிறார்கள்.

இவ்வளவு கொடூரமான கதைக்குப் பெஞ்சமின் தந்த இசை பெரும்பாலும் மென்மையானது. ஏறத்தாழ அறுபது பேர் கொண்ட இசைக்குழுவில் மாண்டலின்களும் பழைய வியோல் கருவியும் கண்ணாடி ஹார்மோனிக்காவும் இருக்கின்றன. கடைசிக் கருவி, சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பை ஈர விரலால் தொட்டு வாசிப்பது. நம் ஜலதரங்கத்தில் குச்சியால் தட்டியதும் நாதம் பிறந்து தேயும். இதில் நாதம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் வந்து நிற்கும். அந்த ஒலியின் பின்னணியில் பாடகர்கள் குரலை உயர்த்திக் கத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. பாடகர்களை முன்கூட்டியே தேர்ந்து, அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு குரலுக்கும் எது பொருந்தும் என்று குறிப்பெடுத்துக்கொண்ட பிறகே அவர் எழுதினார். ஆன்யெஸாகப் பார்பரா ஹானிகன் பாடினார். கிழாராகக் கிறிஸ்டோபர் பர்வஸ். இளைஞனாக, இந்தியப் பார்சி வழிவந்த பெஜுன் மேத்தா. இசைக்குழுவைப் பெஞ்சமினே நடத்தினார். காதலும் வன்முறையும் மோதும் இடங்களில் அதுவரை அடக்கிவைத்திருந்த பேரொலியை அவிழ்த்துவிடும்போது நாற்காலியின் கைப்பிடியை நம் கை தானாகப் பற்றிக்கொள்ளும். சிக்கனமாக இருந்தவன் செலவழிக்கும்போதுதான் செலவின் மதிப்புத் தெரிகிறது.

அந்த ஓபரா லண்டன், ஆம்ஸ்டர்டாம் உள்ளிட்ட பல நகரங்களின் மேடைகளுக்குப் போயிற்று. புதிய ஓபரா என்றால் ஒருமுறை அரங்கேறி மறக்கப்படும் என்ற வழக்கத்தை மாற்றிக்காட்டியது. அதே கூட்டணியில் 2018இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் ‘லெசன்ஸ் இன் லவ் அண்ட் வயலன்ஸ்’ வந்தது. இரண்டாம் எட்வர்ட் மன்னனின் காதலும் வீழ்ச்சியும் அதன் பொருள். அரசியல் கொலைகளைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அதுதான் தலைப்பிலுள்ள பாடம்.

2023இல் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் அரங்கேறிய ‘பிக்சர் எ டே லைக் திஸ்’ நமக்கு இன்னும் நெருக்கமானது. குழந்தையை இழந்த ஒரு தாய். இரவு வருமுன் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும் ஒரு மனிதரைக் கண்டுபிடித்து, அவர் சட்டையின் கைப்பொத்தானை வாங்கிவந்தால் குழந்தை பிழைக்கும் என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. சாவே நிகழாத வீட்டில் கடுகு கேட்டு அலைந்த கிசா கோதமியை நாம் இங்கே அடையாளம் கண்டுகொள்கிறோம். கிரிம்ப் எடுத்தாண்ட மூலங்களில் பௌத்தக் கதையும் ஒன்று. காதலர்கள், கைவினைஞன், புகழ்பெற்ற இசையமைப்பாளர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். எல்லார் மகிழ்ச்சிக்கு அடியிலும் ஒரு விரிசல். அந்தப் பட்டியலில் ஓர் இசையமைப்பாளரையும் சேர்த்து, புகழின் நடுவே நிம்மதியற்று ஓடுபவராகக் காட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட படைப்பு. ஒரு சுரம்கூட அதிகப்படியாக இல்லை.

2017இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 2019இல் வெனிஸ் பினாலே வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைத் தந்தது. 2023இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஃபான் சீமன்ஸ் பரிசும் வந்தது. விருதுகளைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. இந்த வாழ்க்கை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் பேச விரும்புகிறேன்.

காத்திருப்பதற்கு மனவுறுதி மட்டும் போதாது. காத்திருக்க இடம் கொடுக்கும் ஒரு சமூகமும் வேண்டும். பெஞ்சமினின் இளமையிலேயே அவர் இசையை வெளியிடத் தொடங்கிய ஃபேபர் மியூசிக் பதிப்பகம், ‘இந்த ஆண்டு என்ன கொண்டுவந்தீர்கள்’ என்று கணக்குக் கேட்காமல் பல்லாண்டுகள் அவரோடு நின்றது. நிம்பஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம், வந்தது சிறிதோ பெரிதோ, அவர் படைப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்தது. கல்லூரிகள் அவருக்குச் சம்பளமும் மாணவர்களும் தந்தன. எக்ஸ் விழாவும் வேறு பல ஓபரா நிலையங்களும் கூட்டாகச் செலவை ஏற்றுக்கொண்டு பெரும் படைப்புக்காகக் காத்திருந்தன. மெசியானும் பூலெஸும் இளைஞர் ஒருவரைச் சமமாக மதித்துப் பேசினார்கள். இவர்களில் ஒருவர் பொறுமை இழந்திருந்தாலும் 1990களிலேயே பெஞ்சமினின் பெயர், ‘ஒரு காலத்தில் மேதையாக இருந்த பையன்’ என்ற வரிசையில் சேர்ந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில், உங்கள் சபாவில் திறமையுள்ள ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இருந்தால், ‘அடுத்தது எப்போது?’ என்று கேட்பதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். அவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி கைதட்டலாக இல்லாமல் அவகாசமாக இருக்கக்கூடும். அந்த அவகாசத்தை வீணாக்காமல் இருப்பது கலைஞரின் கடமை. அதைக் கொடுப்பது நம் கடமை.

அவர் இசையைக் கேட்க விரும்புகிறவர்கள் ‘அட் ஃபர்ஸ்ட் லைட்’டிலிருந்து தொடங்குங்கள். டர்னரின் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அடுத்து ‘வியோலா, வியோலா’. பிறகு ‘ரிட்டன் ஆன் ஸ்கின்’ ஓபராவைக் காட்சிப் பதிவாகப் பாருங்கள். கதையை முன்பே படித்துக்கொண்டால் நல்லது. முதல்முறை கேட்கும்போது பிடி கிடைக்காமல் போகலாம். ராகத்தின் உருவம் காதில் பதிய நமக்கு எத்தனை கச்சேரிகள் தேவைப்பட்டன? அதே பொறுமையை இந்த இசைக்கும் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதப்பட்டது. இரண்டாம் முறை கேட்கும் தகுதி அதற்கு உண்டு.